காட்டுல முதலை பாக்கணும்: அமராவதியா, மாயாறா, வேற எங்கயாவதா?

வெண்ணிலா_கோவை

வணக்கம். பையன் ஆறாவது படிக்கறான், டைனோசர் பைத்தியம் முடிஞ்சு இப்ப முதலைப் பைத்தியம் பிடிச்சிருக்கு. போன லீவுக்கு வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு கூட்டிட்டுப் போனோம், சுவத்துக்குக் கீழ ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கறத பாத்துட்டு "இதெல்லாம் சோறு போட்டு வளக்கறதும்மா, காட்டுல இருக்கறது எப்படி இருக்கும்"னு கேக்க ஆரம்பிச்சான், இன்னும் நிறுத்தல.

அரையாண்டு லீவுக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். அமராவதி அணைல நிறைய இருக்குன்னு சொல்றாங்க, இன்ஸ்டால ஒருத்தர் மாயாறுல பரிசல்ல போய் கிட்டத்துல பாத்ததா வீடியோ போட்டிருக்கார். எது சரி? எவ்ளோ தூரத்துல நின்னா பயமில்ல? எங்ககிட்ட ஒரு சூப்பர்ஜூம் கேமரா இருக்கு, பைனாகுலர் தனியா வாங்கணுமா? வீட்டுக்காரர் "முதலைய பாக்க புள்ளைய ஆத்தங்கரைக்கு கூட்டிட்டுப் போறியா"ன்னு முறைக்கறார், அவருக்கும் சேத்து பதில் சொல்லுங்க.

கரட்டாண்டி_உடுமலை

வாங்க வாங்க, நம்ம ஊருதானுங்க. மொதல்ல மாயாற லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க. அந்த ஆறு ஓடறது பெரும்பாலும் புலிகள் காப்பகத்துக்குள்ள, ஆத்தோரம் இருக்கற தெங்குமரகடாங்கற ஊருக்குப் போறதுக்கே ஃபாரஸ்ட் பர்மிஷன் வேணும், அங்க பரிசல் ஓடறது ஊர்க்காரங்க இக்கரையில இருந்து அக்கரைக்குப் போறதுக்கு, நாம முதலை பாக்கறதுக்கு இல்லீங்க. வீடியோ போட்டவரு எப்படிப் போனாருன்னு அவரையே கேட்டாத்தான் தெரியும், கேட்டாலும் சொல்ல மாட்டாரு.

அமராவதி விசயத்துக்கு வருவோம். அணை 1957ல கட்டுனது, சின்னாறு, பாம்பாறு, தேனாறு மூணு தண்ணியும் உள்ள வருது, முதலைங்க ஜாஸ்தி இருக்கறது அந்த ஆறுங்க வந்து சேர்ற மூலைமுடுக்குலதான், அணைக்கட்டுக்கு நேரா அவ்வளவா இருக்காது. இங்க இருக்கற அத்தனையும் சதுப்பு நில முதலை, அதாவது அகலமான மூஞ்சிக்காரன். உப்புத்தண்ணி முதலை பாக்கணும்னா ஒடிசா பித்தர்கணிகா பக்கம் போகணும், நீள மூக்கு கரியால்னா சம்பல் ஆறு, ரெண்டும் நம்ம பக்கம் கிடையாது. தோலுக்காக சுட்டுத் தள்ளி 70கள்ல ரொம்பக் கொறைஞ்சு போச்சுன்னு 1975ல மத்திய அரசு முதலைத் திட்டம் கொண்டாந்தாங்க, அதுக்கடுத்த வருசமே இங்க பண்ணை ஆரம்பிச்சாச்சு. அணைக் கரையில இருந்து முட்டைய எடுத்து வந்து பொரிக்க வச்சு, குஞ்ச வளத்து, ஓரளவு பெருசானதும் மறுபடி தண்ணில விட்டாங்க. இன்னைக்கு நீங்க பாக்கற முதலைல அந்த வம்சமும் இருக்குமுங்க.

கரையோரமா நடந்து போறதுக்கு அனுமதி இல்ல, ஆனமலை புலிகள் காப்பகம், ஆனையும் தண்ணிக்கு வரும். அணை மேல நின்னு பாக்கலாம், போட் ஓடுதான்னு வர்றதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணிக் கேட்டுக்கோங்க, ஒரு வருசம் ஓடும் ஒரு வருசம் ஓடாது.

இப்ப நேரம். முதலைக்கு ஒடம்புச் சூடு வெளிய இருந்துதான் வரணும், அதனால பனிக்காலத்துல ராத்திரி பூரா தண்ணிக்குள்ள கெடந்துட்டு வெயில் ஏறுனதும் கரைக்கு வந்து படுத்துக்கும். காலைல எட்டரைல இருந்து பதினொண்ணு வரைக்கும் அருமையான நேரம். கெழக்கப் பாத்த சரிவா, பாறையா, மணல் திட்டா எதுன்னு பாத்து அங்கயே பைனாகுலர வைங்க. வாயைப் பொளந்துட்டு அசையாம கெடக்கும், நம்ம ஆளுங்க "பசில இருக்குது"ம்பாங்க, இல்லீங்க, தலைச் சூடு ஏறுதுன்னு வாயத் தொறந்து ஆத்திக்குது, அம்புட்டுதான். கோடைல வந்தா எட்டு மணிக்கே தண்ணிக்குள்ள இறங்கிரும், இல்லாட்டி வங்குக்குள்ள போயிரும், கரையில அது தோண்டி வச்சிருக்கற வங்கு சிலது ஆளே குனிஞ்சு போற அளவு இருக்கும் (போய்ப் பாக்காதீங்க).

ஆனா டிசம்பர்ல ஒரு சிக்கல் இருக்குதுங்க. அந்த வருசம் மழை நல்லாப் பேஞ்சு அணை ரொம்பி நின்னுதுன்னா படுக்கற கரையெல்லாம் முங்கிப் போயிரும், முதலை மரத்துக்கு நடுவுல எங்கயோ கெடக்கும், நமக்கு ஒண்ணும் தெரியாது. என்னைக் கேட்டா ஜனவரி கடைசிதான் சரி, பனியும் இருக்கும், தண்ணியும் கொஞ்சம் எறங்கியிருக்கும். பிப்ரவரி மார்ச்சுக்குள்ள பொட்டை முதலை கரையில குழி தோண்டி முட்டை போட ஆரம்பிச்சிரும், அப்பறம் காவலுக்கு அங்கயே கெடக்கும், அந்த நேரத்துல எந்தக் கரைக்கும் எறங்கவே கூடாது.

கேமரா இருந்தாலும் பைனாகுலர் வாங்குங்க, 8x42 (எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். சூப்பர்ஜூம்ல தேடறது சிரமம், பையன் அஞ்சு நிமிசத்துல வெறுத்துருவான். பைனாகுலர்ல கண்டுபுடிச்சுட்டு கேமராவ அங்க திருப்புங்க. பத்து மணிக்கு மேல தண்ணி மேல வெயில்ல காத்து நெளிய ஆரம்பிச்சிரும், அப்ப எவ்வளவு லட்ச ரூவா லென்ஸ்ல எடுத்தாலும் படம் கொழகொழன்னுதான் வரும், லென்ஸ் மேல தப்பு இல்ல.

அப்பறம் இன்னொண்ணு, சின்னாறு செக்போஸ்ட் தாண்டுனா கேரளாவோட சின்னாறு வனவிலங்கு சரணாலயம், அங்க ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்டே முதுவர், மலைப்புலையர்ங்கற பழங்குடி ஆளுங்கள கைடா அனுப்பி ஆத்தோரமா நடக்க விடறாங்க. பாம்பாறு மடுவுல முதலை, முள்ளுக்காட்டுல நட்சத்திர ஆமை ரெண்டும் கெடைக்க வாய்ப்பிருக்கு. புள்ளையோட வர்றதுன்னா நான் அதத்தான் சொல்லுவேன், கூட வர்ற ஆளுக்கு எந்த மடுவுல எது கெடக்குதுன்னு மனப்பாடம்.

பரிசல்_ராஜா

இவ்ளோ பெரிய லெக்சரா அண்ணே 😂 கோழிக்கடைல தலை, குடல் ஒரு கவர் வாங்கிட்டுப் போய் தண்ணில வீசுங்க, பத்து நிமிஷத்துல அதுவே கிட்ட வந்துரும். ட்ரோன் இருந்தா இன்னும் சூப்பர், தலைக்கு மேல போய் எடுக்கலாம்.

கொள்ளிடக்கரை

ராஜா தம்பி கோச்சுக்காதீங்க, ஆனா நீங்க சொன்னதுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும், நான் சிதம்பரம் பக்கம் கொள்ளிடத்து ஓர கிராமம்.

எங்களுக்கு முதலை பாக்கறதுன்னா டிக்கெட் வாங்கிப் போற விஷயம் இல்ல. மாடு தண்ணி குடிக்கப் போற இடம், பொம்பளைங்க துணி துவைக்கற படித்துறை, எல்லாம் அதோட இடமும்தான். கடிபட்டவங்க எங்க பக்கத்து ஊர்கள்ல இருக்காங்க, செத்தவங்களும் இருக்காங்க. வெள்ளம் வந்தா ஆத்துல இருந்து வாய்க்காலுக்கு ஏறி, வாய்க்கால்ல இருந்து வயலுக்கும் குளத்துக்கும் வந்துரும், ஃபாரஸ்ட்காரங்க வந்து பிடிச்சுட்டுப் போய் வக்காரமாரி ஏரில விடுவாங்க, சதுப்பு நில முதலை தரைல ரொம்ப தூரம் நடக்கும்ங்கறது தெரியுமா, ராத்திரில குளம் விட்டு குளம் போயிரும், அதனால விட்டது விட்ட இடத்துலயே இருக்கும்னு எங்க ஊர்ல யாரும் நம்பறதில்ல.

இப்ப நீங்க கோழித்தலை போடறீங்க. நாலு பேர் போட்டா முதலை என்ன கத்துக்கும்? ஆளு நிழல் தண்ணில விழுந்தா சாப்பாடு வருதுன்னு கத்துக்கும். நீங்க வீடியோ எடுத்துட்டு கார்ல ஏறிடுவீங்க, மறுநாள் காலைல அதே கரைல நிக்கப்போறது பரிசல்காரரும் மீன் பிடிக்கறவங்களும் மாடு ஓட்டிட்டு வர்ற பசங்களும். எங்க ஊர்லயே கறிக்கடைக் கழிவ வாய்க்கால்ல கொட்டாதீங்கன்னு கத்திக் கத்தி ஓய்ஞ்சு போயிருக்கோம். தவிர அது 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கற ஜீவன், சீண்டினா கேஸு, ட்ரோனும் காட்டுக்குள்ள அனுமதி இல்லாம பறக்க விட முடியாது.

வெண்ணிலாம்மா, உங்க வீட்டுக்காரர் முறைக்கறதுல நியாயம் இருக்கு, ஆனா ஊருக்கே போகாம இருக்க வேண்டியதில்ல. நாங்க பசங்களுக்குச் சொல்றது இதான். தண்ணி ஓரத்துல குத்த வச்சு உக்காராதே, குனியாதே, ஏன்னா கீழ இருக்கற உருவம்தான் அதுக்கு இரையாத் தெரியும். கலங்கல் தண்ணில இறங்காதே. நேத்து முதலை இல்லாத இடத்துல இன்னைக்கும் இருக்காதுன்னு நினைக்காதே. பொழுது சாஞ்சா கரைல வேலையே கிடையாது. கரையில இருந்து பத்துப் பதினைஞ்சு அடி எல்லாம் தூரமே இல்ல, தண்ணிக்குள்ள இருந்து ஒரே பாய்ச்சல்ல வெளிய வரும். மேடான எடமாப் பாத்து நல்லாத் தள்ளி நில்லுங்க. எங்க பக்கம் வந்தா அணைக்கரைங்கற ஊர்ல கொள்ளிடத்துப் பாலத்து மேல நின்னாலே போதும், ஆத்துல தண்ணி கொறைஞ்ச மாசத்துல மணல் திட்டுல கிடக்கறது தெரியும், பாலம்னா உங்க வீட்டுக்காரரும் ஒத்துக்குவார்.

பரிசல்_ராஜா

சரிங்கண்ணா, சும்மா ஜாலிக்கு எழுதினது. கோழித்தலை கேன்சல்.

வெண்ணிலா_கோவை

ரொம்ப நன்றி, ரெண்டு பேர் பதிலையும் வீட்ல படிச்சுக் காட்டினேன், "சின்னாறுன்னா சரி"ன்னு இறங்கி வந்துட்டார். பையன் கிட்ட இருந்து ரெண்டு கேள்வி. ஒண்ணு, தூரத்துல கிடக்கறது கட்டையா முதலையான்னு எப்படித் தெரியும்? ரெண்டாவது, அங்க பாம்பும் பாக்கலாமா? (இது எனக்கு வேண்டாம், அவனுக்காகக் கேக்கறேன்.)

கரட்டாண்டி_உடுமலை

மொத அரைமணி நேரம் கட்டையெல்லாம் முதலையாத் தெரியும், அதுக்கப்பறம் முதலையெல்லாம் கட்டையாத் தெரியும், எல்லாருக்கும் அப்படித்தான் தம்பி. ஒரே எடத்துல உக்காந்து பாத்துட்டே இருக்கணும், நடந்துட்டே இருந்தா நாம பாக்கறதுக்கு முன்னாடி அது நம்மளப் பாத்துரும். தண்ணில கெடக்கறப்ப மூக்கு நுனி ஒரு முட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு கண்ணு ரெண்டும் ஒரு முட்டு, இவ்வளவுதான் வெளிய தெரியும். கட்டை அலையோட ஆடும், முதலை ஆடாது, சத்தமே இல்லாம கீழ போகும், தண்ணி வட்டம் கூட பெருசா வராது.

ஆளு இல்லாட்டியும் அடையாளம் இருக்கும். மண்ணுல நடுவுல வாலு இழுத்த கோடு, ரெண்டு பக்கமும் காலடி, முன்னங்காலுக்கு அஞ்சு விரல், பின்னங்காலுக்கு நாலு. வயித்துல வழுக்கிட்டு எறங்குன சரிவு பளபளன்னு இருக்கும். அதோட பீ காஞ்சா வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு மாதிரி கெடக்கும், தின்ன எலும்பெல்லாம் கரைஞ்சு போறதால. கைடுகிட்ட கேட்டா காட்டுவாரு, பையன் குஷியாயிருவான். உடும்பு ஒண்ணு மணல் மேட்டுல சுத்திட்டு இருந்தா அதையும் கவனிக்கச் சொல்லுங்க, முதலை முட்டைக்கு பெரிய எதிரியே உடும்புதான்.

பையனுக்கு இன்னொரு தீனி. வடநெம்மேலிப் பண்ணைல கொக்கு கூடு கட்டற சீசன்ல சில முதலைங்க மூக்கு மேல குச்சிய வச்சுட்டு மரத்தடி தண்ணில அசையாம கெடந்தத கவனிச்சு, கூட்டுக்குக் குச்சி பொறுக்க வர்ற கொக்கப் புடிக்கத்தான் அப்படி கெடக்குதுன்னு 2013ல எழுதுனாங்க. மிதக்கற குச்சி தானா வந்து ஒட்டிக்கிச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அடுத்த தடவை போனா கொக்கு சீசன்ல போய் அவனே பாத்து ஒரு முடிவுக்கு வரட்டும்.

குழிவிரியன்

பாம்புக் கேள்விக்கு நான் வர்றேன். நான் வால்பாறை பக்கம் எஸ்டேட்ல வேலை.

முதலை மாதிரி "இந்த இடத்துக்கு இந்த நேரம் போனா கிடைக்கும்"னு பாம்புக்குச் சொல்ல முடியாது, ஒரே விதிவிலக்கு குழிவிரியன். மழைக்காலத்துல, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், ஓடையோரம் செடி மேல சுருண்டு உக்காந்தா நாள் கணக்கா அதே கிளைல இருக்கும், பச்சை, பழுப்பு, மஞ்சள்னு ஒரே இனத்துல பல நிறம், மலபார் குழிவிரியன்னு சொல்றது இதைத்தான். தவளை வர்ற வரைக்கும் காத்திருக்கும். நீங்க ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நின்னு பாத்தா அது உங்கள சட்டையே பண்ணாது, குச்சிய எடுத்து "தலையக் கொஞ்சம் திருப்பு"ன்னு ஃபோட்டோவுக்காக நோண்டற ஆளுங்களாலதான் கடி விழுது, அடுத்த நாள் அந்தக் கிளையும் காலி. நம்ம ஊர் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கு செஞ்சது, குழிவிரியன் கடிக்குன்னு தனியா மருந்தே கிடையாது, ஆஸ்பத்திரில வந்த பாதிப்புக்குத்தான் வைத்தியம் பாக்க முடியும். அதனால தொடவே வேண்டாம்.

டிசம்பர் ஜனவரில சின்னாறு பக்கம்னா அது காஞ்ச காடு, பகல்ல பச்சைப்பாம்பு கிடைக்கலாம், சாரை கிடைக்கலாம், ஓணான், அரணை நிச்சயம். பச்சோந்தி இருக்கு, ஆனா கண்ணுக்கு முன்னாடி இருந்தாலும் தெரியாது. காஞ்ச இலைக்குள்ள கைய விடக்கூடாது, கல்லப் புரட்டக்கூடாது, கட்டு வச்ச ஷூ, ஃபுல் பேண்ட், அவ்ளோதான் விதி. ரோட்டுல வண்டி ஓட்டறப்போ சாயங்காலம் மெதுவா போங்க, வெயில்ல காஞ்ச தாருக்கு சூடு வாங்க பாம்பு வந்து படுக்கும், காட்டு ரோட்டுல நான் பாத்த பாம்புல பாதி டயர்ல நசுங்கினதுதான்.

ரெண்டு பாம்பு பின்னிப் பிணைஞ்சு எழும்பி ஆடறத எங்கயாவது பாத்தா "நல்லபாம்பும் சாரையும் சேருது"ன்னு பக்கத்துல நிக்கற பெரியவர் சொல்லுவார், அதிர்ஷ்டம்னு வெள்ளைத் துணிய எடுத்துட்டு வந்து மேல போடச் சொல்லுவார். அது அனேகமா ரெண்டு ஆண் சாரை, பொட்டைக்காகப் பலம் பாக்குது, கடிச்சுக்காது, எவன் தலைய கீழ அமுக்கறானோ அவன் ஜெயிச்சான். சாரைல ஆணும் உண்டு, பொண்ணும் உண்டு, நல்லபாம்பு வேற இனம், அது இதோட சேராது. துணி போடாம இருபது அடி தள்ளி நின்னா அரைமணி நேரம் கூட நடக்கும், இத விட நல்ல காட்சி எங்கயும் கிடைக்காது, டிக்கெட்டும் இல்ல.

நிஜமாவே பாம்பு தேடறது எப்படின்னு பையனுக்குக் காட்டணும்னா வடநெம்மேலில அதே வளாகத்துல 1978ல இருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு, விஷம் எடுக்கறத காட்டுவாங்க. அந்த மக்கள்ல மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க, அதுக்கு முன்னாடி 2017ல அமெரிக்கால ஃபுளோரிடாவுக்கே மலைப்பாம்பு தேடப் போனாங்க. அவங்க பாம்பத் தேடறதில்ல, அது போன தடத்தத் தேடுவாங்க. வங்கு வாசல்ல மண்ணு வழவழப்பா இருக்கா, செதில் ஒட்டியிருக்கா, எலிப் புழுக்கை புதுசா பழசா, இத வச்சே உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு சொல்லிருவாங்க. கரட்டாண்டி அண்ணன் சொன்ன வாலுக் கோடும் அதே வித்தைதான்.

கடைசியா ஒண்ணு, எது பாத்தாலும் ஃபோட்டோவ இடம் காட்டாம போடுங்க. நட்சத்திர ஆமைய வளக்கறதுக்குத் திருடி விக்கற கும்பல் இருக்கு, லொக்கேஷனோட போட்டா அவனுக்கு வழி சொல்ற மாதிரி.

மட்டு_வாவி

இதுக்குள்ள நானும் ஒண்டு சொல்லட்டா, நான் மட்டக்களப்பு. எங்கட வாவியில இருக்கிறது உப்புத்தண்ணி முதலை, குளங்களில இருக்கிறது நீங்க சொல்லுற சதுப்பு நில முதலை, ரெண்டையும் ஒரே நாட்டில பாக்கலாம். வில்பத்து, யால தேசியப் பூங்காக்களுக்குப் போறெண்டா ஜீப்பை விட்டு இறங்க விடமாட்டாங்க, பிள்ளையோட வாறவைக்கு அது நல்லதுதான். வரட்சி நேரம் குளம் வத்தி மிச்சம் இருக்கிற ஒரு சின்னத் தண்ணிக்குள்ள முதலையெல்லாம் வந்து சேந்திரும், சிலது சேத்துக்குள்ளயே புதைஞ்சு கிடக்கும், சிலது வேற குளம் தேடி நடக்க வெளிக்கிடும், கொள்ளிடக்கரை அண்ணை சொன்னது போலத்தான். ஆனா கடும் வரட்சியில யாலவின்ட முதலாம் பகுதிய மூடியும் வைப்பாங்க, அதைக் கேட்டுட்டு டிக்கெட் போடுங்கோ.

அண்ணைக்கு ஒரு விசயம், மாத்தறைப் பக்கம் நில்வளா கங்கையில குளிக்கிற இடத்தைச் சுத்தி மரக்கம்பு நட்டு வேலி போடுவாங்க, அதுக்குள்ள சனம் குளிக்கும், முதலை வெளிய நிக்கும். பழைய முறைதான். உங்கட படித்துறையில அப்பிடி ஏதும் இருக்கா?

கொள்ளிடக்கரை

சில இடத்துல கம்பி வேலி போடச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்கோம் சகோ. வெள்ளத்துல வேலி நிக்குமாங்கறதுதான் எங்க பிரச்சனை, கொள்ளிடம் வந்தா சும்மா வராது. அந்த மரக்கம்பு எவ்ளோ ஆழம் நடுறாங்க, வருஷா வருஷம் மாத்துவாங்களா, தெரிஞ்சா எழுதுங்க, படமிருந்தா போடுங்க.

மட்டு_வாவி

மாத்தறையில இருக்கிற ஒரு கூட்டாளிட்ட கேட்டுட்டு எழுதுறன்.

வெண்ணிலா_கோவை

முடிவு பண்ணியாச்சு, டிசம்பர் வேண்டாம், பொங்கல் லீவுக்கு மாத்திட்டோம். காலைல சின்னாறு, மறுநாள் அமராவதி. பாம்புத் துணி மேட்டர் எங்க மாமியார் வீட்ல இன்னும் பீரோல வச்சிருக்காங்க 😄 அதப் பத்தி நான் ஒண்ணும் பேசப் போறதில்ல.

கரட்டாண்டி_உடுமலை

பொங்கலா? காணும்பொங்கலுக்கு அமராவதில நிக்கக் கூட எடம் இருக்காதுங்க, ஸ்பீக்கர், பிரியாணிப் பொட்டலம், பத்து பஸ்ஸு. அந்தச் சத்தத்துல கரைக்கு எது வரும். பொங்கல் முடிஞ்சு அடுத்த வாரம், சனி ஞாயிறு இல்லாம, பையனுக்கு ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு வாங்க. பேப்பர்ல தினமும் அணை நீர்மட்டம் போடுவாங்கல்ல, அமராவதி மொத்தம் 90 அடி, அத ஒட்டி நின்னா தள்ளிப் போடுங்க, நல்லா எறங்கியிருந்தா கெளம்புங்க. சின்னாறுக்கு கைடு காலைலயே கெளம்பிருவாங்க, முந்தின நாளே பேசி வச்சுக்கோங்க.